பத்துப் புடவை பிரித்துப் போட்ட பிறகு

தி. நகர் ஜவுளிக்கடைகளின் பட்டுப் பிரிவில் புடவையை யாரும் மடிப்பாகக் கையில் கொடுத்துவிட்டு நிற்பதில்லை. விற்பனையாளர் மடிப்பைக் கலைத்து, முந்தானையை ஒரே வீச்சில் வாடிக்கையாளர் முன்னால் விரிக்கிறார். ஜரிகை விளக்கொளியில் பளிச்சிடுகிறது. "ரெண்டு பக்கமும் பார்டர்மா", "இதே டிசைன்ல மாம்பழ மஞ்சள் ஒண்ணு இருக்கு, காட்டட்டுமா?" என்று புடவைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கவுன்டரே தெரியாமல் போகிறது. அப்போதுதான் குடும்பத்துக்குள் கண்ஜாடை தொடங்கும். மகள் உதட்டைப் பிதுக்குவாள். அம்மா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொள்வார். அப்பா கூரை விளக்கை ஆராய்வார். அந்த வாக்கியத்தை யார் சொல்வது என்பதுதான் சிக்கல். கடைசியில் யாரோ ஒருவர் சொல்லிவிடுவார்: "பாத்துட்டு வரோம்ங்க."

திரும்பி வரப்போவதில்லை என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். ஆனாலும் அதைச் சொல்லாமல் எழுந்திருக்க முடிவதில்லை. அதைக்கூடச் சொல்ல வாய் வராதவர்கள், "இவ்வளவு பிரிச்சுப் போட்டுட்டாரே" என்று அரைமனதோடு ஒன்றை எடுத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் கீழ்த்தளத்துக்கு இறங்கி இரண்டு கைக்குட்டை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறார்கள். கைக்குட்டை விற்ற காசில் பட்டுப் பிரிவுக்காரருக்கு ஒரு நயா பைசா போகாது. வாங்கியவருக்கு மட்டும் மனசு கொஞ்சம் லேசாகிறது.

பார்ப்பதும் விலை கேட்பதும் வாங்க வருபவரின் உரிமை. காட்டுவதற்குத்தான் விற்பனையாளருக்குச் சம்பளம். அப்படியிருக்க இந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆல்வின் கோல்ட்னர் 1960-இல் ஒரு கட்டுரை எழுதினார். உதவி செய்தவருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும், குறைந்தபட்சம் கெடுதல் செய்யக்கூடாது என்ற கைமாறு நெறி, ஏறக்குறைய எல்லாச் சமூகங்களிலும் காணப்படுவது என்பது அவருடைய வாதம். கேட்டு வாங்கிய உதவிக்கு மட்டும் இந்த நெறி பொருந்தினால் பிரச்சினை இல்லை. கேட்காமல் வந்து விழுந்த உதவிக்கும் பொருந்துகிறது என்பதுதான் வியாபாரத்தின் அடித்தளம்.

1971-இல் டென்னிஸ் ரீகன் என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனை இதைக் கச்சிதமாகக் காட்டியது. ஓவியங்களுக்கு மதிப்பெண் போட வேண்டும் என்று சொல்லி மாணவர்களை அழைத்தார்கள். பக்கத்தில் இன்னொரு மாணவர் உட்கார்ந்திருப்பார். அவர் உண்மையில் ஆய்வாளரின் ஆள். இடைவேளையில் அவர் வெளியே போய், சிலரிடம் மட்டும், "எனக்கு ஒரு கோகோ கோலா வாங்கினேன், உங்களுக்கும் ஒன்று" என்று நீட்டுவார். மற்றவர்களிடம் வெறுங்கையோடு திரும்புவார். எல்லாம் முடிந்த பிறகு, தான் விற்கும் லாட்டரிச் சீட்டுகளை வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்பார். சீட்டு ஒன்று 25 சென்ட். கோலா குடித்தவர்கள் குடிக்காதவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சீட்டு வாங்கினார்கள். இதில் ஒரு உள்விஷயமும் உண்டு. அந்த ஆள் தொலைபேசியில் சிலர் காதுபட மரியாதையாகவும், சிலர் காதுபட முரட்டுத்தனமாகவும் பேசுவதுபோல ஏற்பாடு செய்திருந்தார்கள். கோலா வாங்கிக் குடித்தவர்களிடம், ஆள் பிடித்தவரா பிடிக்காதவரா என்பது சீட்டு வாங்குவதை அவ்வளவாக மாற்றவில்லை. கடன் கடன்தான்.

நம் ஊர் நகைக்கடைகளில் உட்கார்ந்ததும் "காபியா, கூல்ட்ரிங்ஸா?" என்று கேட்பவர்கள் ரீகனைப் படித்தவர்கள் இல்லை. படிக்க வேண்டிய தேவையும் இல்லை. தட்டில் வந்த அந்தச் சின்ன பாட்டிலைக் காலி செய்துவிட்டு, ஒரு மூக்குத்திகூட எடுக்காமல் படியிறங்குவது எவ்வளவு கடினம் என்பது கடைக்காரர்களுக்குத் தலைமுறையாகத் தெரிந்த பாடம்.

கூச்சத்துக்குக் கூல்ட்ரிங்ஸ்கூடத் தேவையில்லை, பேச்சே போதும் என்று காட்டியது 2005-இல் வந்த இன்னோர் ஆய்வு. டேரன் டால், ஹெதர் ஹோனியா, ராஜேஷ் மன்சந்தா ஆகிய மூவரும் வாங்காமல் வெளியேறுபவரின் குற்ற உணர்வையே தனியாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். விற்பனையாளரோடு ஏதோ ஒரு சின்ன ஒட்டுதல் ஏற்பட்டிருந்தால், வாங்காமல் போகும்போது உறுத்துகிறது. வாங்காமல் போவது தன் கையில்தான் இருந்தது என்று தோன்றினால் இன்னும் உறுத்துகிறது. அடுத்த முறை அதே ஆளிடம் வாங்கி ஈடுகட்ட வேண்டும் என்ற எண்ணமும் கூடவே வருகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஜவுளிக்கடைப் பேச்சைக் கவனித்தால் சுவாரசியமாக இருக்கும். "எந்த ஊரும்மா? திருநெல்வேலியா? பேச்சிலேயே தெரிஞ்சுது. எங்க அம்மாவுக்குப் பாளையங்கோட்டைதான்." அவ்வளவுதான். அதுவரை கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவர் 'அண்ணன்' ஆகிவிட்டார். அண்ணனை விட்டுவிட்டு எழுந்து போவது வேறு மாதிரியான காரியம். உறுத்தலை அளப்பது கடிகாரம் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். வாய் திறக்காமல் அரை மணி நேரம் காட்டியவரிடமிருந்து சுலபமாக எழுந்துவிடலாம். ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு ஐந்தே நிமிடம் காட்டியவரிடமிருந்து அப்படி முடியாது.

உழைப்பு கண்ணில் பட்டால் அதுவும் எடையைக் கூட்டும். ஆன்ட்ரியா மொராலஸ் என்ற சந்தை ஆய்வாளர் 2005-இல் சில சோதனைகளை வெளியிட்டார். ஒரு வீட்டுத் தரகர் தனக்காக அதிகம் மெனக்கெட்டார் என்று தெரிந்தால் மக்கள் அவரை உயர்வாக மதிப்பிட்டார்கள், காட்டிய வீடுகள் அதனால் ஒன்றும் மேம்பட்டுவிடவில்லை என்றாலும். நன்றியுணர்வுதான் இதற்கு இடையில் நிற்கும் பாலம். ஆனால் 'நம்மை வாங்க வைக்கத்தான் இவ்வளவும்' என்ற சந்தேகம் தட்டிய இடத்தில் அந்த நன்றி வரவில்லை. ஏணி போட்டுப் பரணில் ஏறி, தூசி தட்டி ஒரு பெட்டியை இறக்கும் கடைப் பையனுக்கு வாடிக்கையாளர் மனம் இளகுவதும், "மேடம், இன்னிக்கு மட்டும்தான் இந்த ஆஃபர்" என்று துரத்துபவரிடம் இறுகுவதும் இதனால்தான். செருப்புக் கடையில் இந்த உணர்வு உச்சத்துக்குப் போகிறது. அங்கே ஒருவர் குனிந்து நம் காலடியில் உட்கார்ந்திருக்கிறார். நான்காவது ஜோடியும் பொருந்தவில்லை என்றால் பெரும்பாலானோர் குறை சொல்வது தங்கள் பாதத்தைத்தான்.

காலை நேரத்தில் இதற்கு நம்பிக்கையும் வந்து சேர்ந்துகொள்கிறது. முதல் போணி ஆகாமல் ஆள் எழுந்து போனால் அன்றைய வியாபாரமே படுத்துவிடும் என்று நினைக்கும் கடைக்காரர்கள் இன்றும் உண்டு. கட்டாத விலைக்குக்கூட முதல் ஆளிடம் தள்ளிவிடுவார்கள். விவரம் தெரிந்தவர்கள், வாங்குவது உறுதியாகாமல் கடை திறந்த நேரத்தில் படியேற மாட்டார்கள். ஒரு நாள் முழுவதற்குமான நஷ்டத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்?

வேடிக்கை என்னவென்றால், கோல்ட்னரின் கட்டுரை வந்த அதே 1960-இல், இதே விஷயத்தை உணர்ச்சி துளியும் இல்லாமல் ஒரு பொருளியலாளர் எழுதினார். சிகாகோவைச் சேர்ந்த லெஸ்டர் டெல்சர் கேட்ட கேள்வி இது: தங்கள் பொருளைக் கடைகள் குறிப்பிட்ட விலைக்குக் கீழே விற்கக்கூடாது என்று சில உற்பத்தியாளர்கள் ஏன் வற்புறுத்துகிறார்கள்? விலை குறைந்தால் அவர்களுக்கும் விற்பனை கூடத்தானே செய்யும்? அவர் கண்ட விடை, செயல்விளக்கம். ஒரு கடை ஆள் வைத்து, இடம் ஒதுக்கி, பொருளை இயக்கிக் காட்டுகிறது. இன்னொரு கடை ஒன்றும் காட்டுவதில்லை, அந்தச் செலவை மிச்சம் பிடித்து விலையைக் குறைக்கிறது. வாடிக்கையாளர் முதல் கடையில் பார்த்து, கேட்டு, தெளிந்து, இரண்டாவது கடையில் வாங்குகிறார். இப்படியே போனால் ஒருநாள் முதல் கடை காட்டுவதை நிறுத்திவிடும். பிறகு யாருமே காட்ட மாட்டார்கள்.

வழக்குமன்றம் வரை போன வாதம் இது. பெண்களுக்கான பெல்ட், தோல் பொருள்களைத் தயாரித்த லீஜின் என்ற நிறுவனம், தன் பொருளைத் தள்ளுபடியில் விற்ற டெக்சாஸ் கடை ஒன்றுக்குச் சரக்கு அனுப்புவதை நிறுத்தியது. 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், குறைந்தபட்ச விலை நிர்ணயத்தை எடுத்த எடுப்பிலேயே சட்டவிரோதம் என்று தள்ளிவிட முடியாது, ஒவ்வொரு வழக்கையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்றது. 1911 முதல் இருந்த விதி அன்றோடு போயிற்று. இலவசமாகக் காட்டும் சேவையை யாரோ ஒருவர் காப்பாற்ற வேண்டும் என்ற டெல்சரின் தர்க்கமும் அந்தத் தீர்ப்பின் காரணங்களில் இருந்தது.

உச்ச நீதிமன்றம் வந்து செய்ய வேண்டிய வேலையைத் தி. நகரில் அந்தக் கூச்சம் ஓரளவு செய்துகொண்டிருக்கிறது. பிரித்துப் பார்த்தவர்களில் கணிசமானோர் உறுத்தலால் அங்கேயே வாங்கிவிடுவதால்தான், பார்த்துவிட்டு மட்டும் போகிறவர்களுக்கும் பிரித்துக் காட்டக் கடைக்குக் கட்டுப்படியாகிறது. அந்த வகையில் இது உருப்படியான உணர்வு. ஆனால் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்தால் அவ்வளவு மெச்சத் தோன்றாது.

2006-இல் ஜேசன் டானாவும் இன்னும் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒருவர் கையில் 10 டாலர். முன்பின் தெரியாத இன்னொருவரோடு விருப்பம்போல் பங்கிட்டுக்கொள்ளலாம், கொடுக்காமலும் இருக்கலாம். முடிவு செய்த பிறகு ஒரு வழி திறக்கப்பட்டது: 9 டாலர் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியேறிவிடலாம், இப்படி ஒரு பங்கீடு இருந்தது என்பதே அடுத்தவருக்குத் தெரியாது. கணக்குப்படி இதை யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது. 10 டாலரையும் தானே வைத்துக்கொள்ளலாம், அல்லது பங்கு கொடுக்கலாம். ஆனால் கால்வாசிக்கும் மேற்பட்டோர் ஒரு டாலரை இழந்து வெளியேறினார்கள். பங்கீட்டைப் பற்றி அடுத்தவருக்கு எப்படியும் தெரியவராது என்று ஏற்பாடு செய்தபோது, வெளியேறுபவர்கள் ஏறக்குறைய இல்லாமலே போனார்கள். ஆக, அவர்கள் பணம் கொடுத்து வாங்கியது ஏமாந்த முகத்தை எதிர்கொள்ளாமல் தப்பும் வசதியை. "பாத்துட்டு வரோம்" என்பதும், கைக்குட்டை வாங்குவதும் அந்த ஒரு டாலரின் தமிழ்நாட்டு வடிவங்கள்தான்.

இன்னும் பெரிய அளவில், சிகாகோ சுற்றுவட்டாரத்தில் ஸ்டெபானோ டெல்லாவிக்னா, ஜான் லிஸ்ட், உல்ரிகே மால்மெண்டியர் மூவரும் வீடு வீடாக நன்கொடை கேட்டுப் பார்த்தார்கள். ஆய்வு 2012-இல் வெளிவந்தது. நாளை இந்த நேரத்துக்கு வருவோம் என்று முந்தைய நாளே கதவில் ஒரு துண்டுச்சீட்டு மாட்டிய தெருக்களில், கதவைத் திறந்தவர்களின் விகிதம் 9 முதல் 25 சதவீதம் வரை குறைந்தது. 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று குறிக்க ஒரு கட்டமும் அச்சிட்டுக் கொடுத்தபோது, நன்கொடை கொடுத்தவர்கள் 28 முதல் 42 சதவீதம் வரை குறைந்தார்கள். கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாதவர்கள், கேட்கும் இடத்துக்கே வராமல் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

கடைத்தெருவில் இதற்கு என்ன பொருள்? சின்னக் கடை, உள்ளே ஆளே இல்லை, உரிமையாளர் மட்டும் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே போனால் அவர் எழுந்து வருவார், விசிறியைப் போடுவார், எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுவார். அதனால் வாசலில் ஒரு நொடி தயங்கி, பார்வையைத் தவிர்த்து, எதிரே உள்ள ஐந்து மாடிக் கடைக்குள் நுழைகிறார்கள். அங்கே கூட்டத்தில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை. சின்னக் கடைக்காரரின் நேரத்தை வீணடிக்கக்கூடாதே என்ற நல்லெண்ணம், அவருடைய நாளையே வீணடித்துவிடுகிறது. உறுத்தல் உள்ளவர் வாசலோடு போய்விட, உறுத்தலே இல்லாதவர் தைரியமாக உள்ளே வந்து இருபது புடவை பார்த்துவிட்டுப் போனால், டெல்சர் சொன்னதுதான் நடக்கும். இந்த உணர்வு கடையைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அது வாசலுக்கு உள்ளே வந்த பிறகுதான் தொடங்க வேண்டும். மனித மனம் அந்த வரிசையில் வேலை செய்வதில்லை.

பெரிய கடைகளின் சரித்திரத்தையே இந்தக் கூச்சத்தை அகற்றிய சரித்திரமாகவும் படிக்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் பாதிவரை ஐரோப்பியக் கடைகளில் உள்ளே காலெடுத்து வைத்தாலே வாங்கியாக வேண்டும் என்பது எழுதாத விதி. பாரிஸின் போன் மார்ஷே கடையில் 1852-இல் பங்குதாரராகச் சேர்ந்த அரிஸ்டீட் பூசிகோ, ஒவ்வொரு பொருளிலும் விலையை எழுதி ஒட்டி, யாரும் சும்மா வந்து சுற்றிப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். சிகாகோவில் தொழில் கற்ற ஹாரி கார்டன் செல்ஃப்ரிட்ஜ் 1909-இல் லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் கடை திறந்தபோது, வாங்காமல் வேடிக்கை பார்ப்பதையே ஒரு பொழுதுபோக்காக விளம்பரப்படுத்தினார். 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தொடங்கிய பிக்லி விக்லி மளிகைக்கடை, கவுன்டர் ஆளையே நடுவிலிருந்து எடுத்துவிட்டது. கூடையோடு போய் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

நம் ஜவுளிக்கடைகளிலும் சுடிதார், குர்த்தி, சட்டை எல்லாம் அந்த வழிக்குப் போய்விட்டன. ஸ்டாண்டில் தொங்குகின்றன, தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுப் போகலாம். பட்டுப்புடவை மட்டும் அசையவில்லை. ஐந்தரை மீட்டர் துணியின் பார்டரும் உடலும் முந்தானையும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பது விரித்தால்தான் தெரியும். விரித்ததை வாடிக்கையாளரால் மறுபடி மடிக்க முடியாது. அது ஒரு தனிக் கைத்திறன். ஒருவர் நுனியைத் தாடைக்கும் மார்புக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கட்டைவிரல்களையும் பார்டர் விளிம்போடு ஓட்டி, முன்பிருந்த மடிப்புக்கோட்டிலேயே சரியாக உட்கார வைக்கிறார். முந்தானையின் கனமான ஜரிகைப் பகுதி வெளிமுகமாக வர வேண்டும். கோடு தவறினால் புடவை பிரித்துக் காட்டிய சரக்காகத் தெரியும், அடுத்த ஆள் அதைத் தொட மாட்டார். எழுந்து போகும்போது கடைசியாகக் கண்ணில் படுவது இந்தக் காட்சி என்பதால்தான் உறுத்தல் வீடுவரை கூட வருகிறது.

அந்த விற்பனையாளரின் பக்கத்திலிருந்து பார்த்தால் படம் கொஞ்சம் மாறுகிறது. வாங்காமல் போனவரை அவர் நினைவில் வைத்திருப்பார் என்பது பெரும்பாலும் நம் கற்பனை. தாமஸ் கிலோவிச் குழுவினர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்து 2000-இல் வெளியிட்ட சோதனை பிரபலமானது. பாடகர் பாரி மேனிலோவின் படம் போட்ட, மாணவர்கள் போடக் கூசும் டி-சட்டையை ஒருவருக்கு அணிவித்து, பலர் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று அவர் நினைத்தார். கவனித்தவர்கள் நாலில் ஒரு பங்கு. அடுத்த மாதம் அதே கடைக்குப் போகும்போது பக்கத்து வாசல் வழியாக நுழைகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

விற்பனையாளரின் உண்மையான சுமைகள் வேறு. பல கடைகளில் பில்லில் விற்றவரின் எண் பதிவாகிறது. ஊக்கத்தொகை அந்தக் கணக்கில்தான். பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் டிவியை இயக்கிக் காட்டுபவர் பெரும்பாலும் அந்தக் கடையின் ஊழியரே இல்லை. டிவி நிறுவனம் சம்பளம் கொடுத்து நிறுத்தியிருக்கும் ஆள், மாத இலக்கு உள்ளவர். நம் உறுத்தல் இந்த ஏற்பாடுகளைப் பற்றி எதுவும் அறியாமல், எதிரே நிற்கும் முகத்தை மட்டும் பார்க்கிறது. பட்ஜெட்டை முதலிலேயே சொல்லிவிடுவதும், "இன்னிக்கு எடுக்கல, விலை மட்டும் தெரிஞ்சுக்கணும்" என்று உட்காரும்போதே சொல்வதும், எழும்போது மன்னிப்பு கேட்பதைவிட அவருக்கு அதிகம் உதவும். இலக்கு உள்ளவர் தன் நேரத்தை யாருக்கு ஒதுக்குவது என்று தீர்மானித்துக்கொள்வார்.

அதைவிடப் பெரிய சுமை கால்வலி. ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடை ஊழியர்களின் வாழ்க்கையை வசந்தபாலன் 2010-இல் 'அங்காடித் தெரு'வில் காட்டியபோது, காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்க்கும் அந்தக் கூட்டம் பலருக்கு முதன்முறையாகக் கண்ணில் பட்டது. கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடியதை அடுத்து, 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021-இல், 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது: ஊழியர்கள் வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்காதபடி, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை இருக்க வேண்டும். பத்து புடவையைப் பிரிக்க வைத்ததற்காக வருந்துகிறவர்கள், கவுன்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது அபூர்வம்.

இப்போது பட்டுப்புடவையும் கவுன்டரை விட்டு நகரத் தொடங்கிவிட்டது. காஞ்சிபுரத்திலும் சேலத்திலும் கடைக்காரர்கள் வாட்ஸ்அப் வீடியோ காலில் முந்தானையைக் கேமரா முன்னால் பிடித்துக் காட்டுகிறார்கள். மறுமுனையில் சிங்கப்பூரிலோ டல்லாஸிலோ ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறது. ஆளும் முகமும் பேச்சும் எல்லாம் இருப்பதால் ஒட்டுதலும் ஏற்படுகிறது, கூச்சமும் ஏற்படுகிறது. விடைபெறும் வாக்கியம் மட்டும் புதிது. "நெட்வொர்க் கட்டாகுதுங்க, அப்புறம் பேசறோம்" என்கிறார்கள். இதற்கும் கடைக்காரர்கள் பழகிவிட்டார்கள். சிலர் வீடியோவைத் தொடங்கும் முன்பே நிறத்தையும் விலை வரம்பையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள், பேச்சு முடிந்ததும் காட்டிய புடவைகளின் படங்களை விலையோடு வரிசையாக அனுப்பிவிடுகிறார்கள். நீல டிக் விழுந்த பிறகு மறுநாள் காலை ஒரே ஒரு செய்தி வரும்: "மேடம், அந்த மாம்பழ மஞ்சள் எடுத்து வெச்சிருக்கேன்."